இளக்காரம்னு எதைங்க சொல்றோம்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மாமியார் மருமகள் மனஸ்தாபம் பத்தின ஒரு கேள்விக்குப் பதில் எழுதுறப்போ ‘வீட்டுக்கு வந்த பொண்ணை இளக்காரமா நடத்தாதீங்க’ன்னு ஒரு வரி வந்துச்சு. அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டு சென்னையில எந்தெந்த மூலையிலேர்ந்தோ கடிதம், வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ்னு வந்துக்கிட்டே இருக்கு. அதனால இந்த வாரம் மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இது ஒண்ணை மட்டும் உக்காந்து பேசிடலாம். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டுக்கிட்டதால ஏரியா மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: தி.நகர்ல ஒரு துணிக்கடையில சேல்ஸ்ல இருக்கேன் சார். ஒரு கஸ்டமர் அம்மா புடவையா பிரிச்சுப் போடச் சொல்லிப் பார்த்துட்டு, நான் ஒரு பட்டைப் பத்தி சொல்ல வாயைத் தொறந்ததும் என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பார்த்து ‘உனக்கு இதெல்லாம் என்ன தெரியும், வேற யாரையாவது கூப்பிடு’ன்னாங்க. இளக்காரமா பேசுறாங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னா ‘சும்மா கிண்டலா சொல்லியிருப்பாங்க, விடும்மா’ங்கிறாரு. கிண்டலும் இளக்காரமும் ஒண்ணா? இன்னொண்ணு, எங்க ஆயா என் பையனைப் பத்தி ‘புள்ளைக்கு ரொம்ப இளக்காரம் குடுக்காத’ன்னு சொல்லும், அங்க அர்த்தம் வேற மாதிரி வருதே, எது சரி?
– வாசகி, பெரம்பூர்

பதில்: ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. உங்க சூப்பர்வைசர் உங்களைச் சமாதானப்படுத்தத்தான் சொல்லியிருப்பாரு, ஆனா நடந்ததுக்கு அவர் வச்ச பேர் தப்பு.

முதல்ல உங்க ஆயா சொன்னதுக்கு வர்றேன், அது புரிஞ்சா மிச்சம் தானா புரிஞ்சிடும். இளக்காரம்ங்கிறது ‘இளகு’ங்கிறதுலேர்ந்து வந்த சொல். மெழுகு இளகுதுங்கிறோம், வெல்லம் இளகுதுங்கிறோம், அழுதா மனசு இளகுதுங்கிறோம், அதே இளகுதான். உங்க ஆயா சொல்றது அந்த அர்த்தம்: புள்ளைகிட்ட ரொம்ப இளகிப் போகாத, கண்டிக்க வேண்டிய நேரத்துல கண்டிக்காம விட்டுடாத. இடம் குடுக்கிறதுன்னு சொல்றோம்ல, கிட்டத்தட்ட அது. ‘இளக்காரம் குடுக்கிறது’ன்னு வந்தா இளகுறவங்க குடுக்கிறவங்க. ‘இளக்காரமா பார்க்கிறது, பேசுறது, நடத்துறது’ன்னு வந்தா, அப்படி இளகி நிக்கிறவங்களைப் பார்த்து எதிராளி மனசுல வர்ற ‘ப்ச், இவங்கதானே’ங்கிற நினைப்பு. முதல்ல ஒருத்தரோட மனசு மிருதுவா இருக்கிறதுக்கு இருந்த பேரு, அந்த மிருதுவை மதிக்காத இன்னொருத்தரோட பார்வைக்கும் பேரா ஆயிடுச்சு.

நம்ம ஜனங்க இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வழியை நல்லாவே பார்த்து வச்சிருக்காங்க. ‘இளகின இரும்பைக் கண்டா கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பான்’னு ஒரு பழமொழி, ‘ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி’ன்னு இன்னொண்ணு. இளகு, இளை, இளசு, இளப்பம்னு எல்லாத்துலயும் அந்த ‘இள’ வந்து நிக்குது பாருங்க. ஆனா இந்தப் பழமொழியை நாம எப்போ யார்கிட்ட சொல்றோம்ங்கிறதுதான் எனக்கு ரொம்ப நாளா உறுத்துற விஷயம். அடி வாங்கினவங்ககிட்டதான் சொல்றோம். ‘நீ இளகினதாலதான் அவன் ஏறி மிதிக்கிறான்’னு. தூக்கித் தூக்கி அடிச்ச கொல்லனை யாரும் கூப்பிட்டுக் கேக்கிறதில்ல. இரும்பு இளகினா அது இரும்போட குத்தமா? மனுஷன் இளகினா அது குத்தமே கிடையாது, அடிச்சவன் பக்கம்தான் குத்தம், இதை நான் எந்த சபையிலயும் சொல்லுவேன்.

இப்போ கிண்டல். கிண்டலுக்கு ஒரு சிரிப்பு வேணும், ஏதாவது ஒரு விஷயம் வேணும். நீங்க செருப்பை மாத்திப் போட்டுட்டு வந்தீங்க, அதைப் பார்த்து நாலு பேர் சிரிச்சாங்கன்னா அது கிண்டல். உங்களைப் பத்தி அவங்க அபிப்ராயம் ஒண்ணும் அதனால மாறிடல, சாயந்தரம் டீ குடிக்கக் கூப்பிடுவாங்க. இளக்காரத்துக்கு சிரிப்பே தேவையில்ல, சில சமயம் பேச்சு கூட தேவையில்ல. நீங்க ஒண்ணுமே பண்ணியிருக்க வேணாம், நீங்க யாரு, எங்க நிக்கிறீங்க, என்ன யூனிஃபார்ம் போட்டிருக்கீங்கங்கிறதே போதும், அதைப் பார்த்து அவங்க மனசுல ஏற்கெனவே உங்களுக்கு ஒரு தரம் போட்டாச்சு. அந்தம்மா சிரிச்சாங்களா? இல்ல. உங்களை ஒரு தடவை அளந்தாங்க, அவ்ளோதான். நீங்க வச்ச பேர்தான் சரி.

பேச்சுல அது எப்படி வருதுன்னும் பாருங்க. கிண்டல் பண்ணான், கேலி பண்ணான், கலாய்ச்சான்னு அதை ஒரு செயலா சொல்றோம். இளக்காரத்தைப் பெரும்பாலும் அப்படிச் சொல்றதில்ல. ‘என்னைப் பார்த்தா உனக்கு இளக்காரமா இருக்கா?’, ‘நான் வாயைத் தொறக்காம இருக்கிறதால உங்களுக்கெல்லாம் இளக்காரமா போச்சுல்ல?’ இப்படித்தான் வரும். உனக்குப் பசிக்குதா, உனக்குக் கோவம் வருதாங்கிற மாதிரி, அது எதிராளிக்கு உள்ள இருக்கிற ஒரு நிலை. அதனாலதான் சாட்சி சொல்றதும் கஷ்டமா இருக்கு. அவங்க என்ன வார்த்தை சொன்னாங்கன்னு கேட்டா நம்மால எடுத்துக் காட்ட முடியாது, ஆனா உடம்பெல்லாம் எரியுது.

உங்க தொழில்லேர்ந்தே ஒண்ணு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போறேன். ரங்கநாதன் தெருவுலயும் உஸ்மான் ரோட்டுலயும் கஸ்டமர் இருந்தாலும் இல்லாட்டியும் நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கணும்ங்கிற வழக்கம் எத்தனை வருஷமா ஓடுச்சு, உக்காந்தா அதிகாரி முறைப்பாரு. 2021-ல தமிழ்நாடு அரசு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து, வேலை செய்றவங்களுக்கு உக்கார இடம் போட்டே ஆகணும்னு சொல்லிச்சு. அதுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டுச்சுங்கிறதே என்னைப் பொறுத்தவரை இளக்காரத்துக்கு உதாரணம்தான். யாரும் யாரையும் திட்டல, ஆனா அந்தப் பொண்ணுங்களுக்குக் கால் வலிக்கும்னே யாருக்கும் தோணாம இருந்துச்சு.

கேள்வி: எங்க கேங்ல கலாய்க்கிறது, ஓட்றது, நக்கல், எகத்தாளம், இளக்காரம் எல்லாம் ஒண்ணுதான், எல்லாரும் எல்லாரையும் பண்ணுவோம். இதுல அப்படி என்ன பெரிய வித்தியாசம்?
– கல்லூரி மாணவர், சைதாப்பேட்டை

பதில்: தம்பி, ‘எல்லாரும் எல்லாரையும்’னு நீங்களே சொல்லிட்டீங்க பாருங்க, கலாய்க்கிறதுக்கு அதுதான் அடையாளம். இன்னைக்கு அவன் உங்களை ஓட்டினா நாளைக்கு நீங்க அவனை ஓட்டலாம். உங்க கேங்லயே ஒருத்தன் மட்டும் எப்பவும் வாங்கிக்கிட்டே இருக்கான், திருப்பி ஒரு வார்த்தை சொன்னா எல்லாருக்கும் மூஞ்சி மாறிடுதுன்னா, அங்க நடக்கிறதுக்குப் பேர் கலாய் இல்ல. வெளியிலேர்ந்து பார்த்தா அதே சிரிப்பு, அதே சத்தம், ஆனா அந்த ஒருத்தனைக் கேட்டா வேற கதை சொல்லுவான். ஒருநாள் தனியா கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்க.

நக்கல் கொஞ்சம் கூர்மையா இருக்கும், ஆனா அதுல ஒரு புத்திசாலித்தனம் இருக்கு, அதை ரசிக்கலாம், அதிகாரத்துல இருக்கிறவங்களைப் பார்த்து சாதாரண மனுஷன் அடிக்கிற நக்கல் இல்லாட்டி ஊரே மூச்சு முட்டிப் போயிடும். எகத்தாளம்தான் இதுல ரொம்ப சுவாரஸ்யமான சொல். யாரு யாரைப் பார்த்து அதைச் சொல்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? ‘இத்துனூண்டு பையன், என்ன எகத்தாளமா பேசுறான் பாரு’ம்பாங்க, ‘வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள எகத்தாளத்தைப் பாரேன்’ம்பாங்க. பெரும்பாலும் மேல இருக்கிறவங்க கீழ இருக்கிறவங்களைப் பத்திச் சொல்ற புகார் அது. இளக்காரம் அதுக்கு நேர் எதிர், கீழ வைக்கப்பட்டவங்க மேல இருக்கிறவங்களைப் பத்திச் சொல்றது. ஒரே வாக்குவாதத்துல முதலாளி ‘எகத்தாளமா பேசினான்’னு சொல்லுவாரு, தொழிலாளி ‘இளக்காரமா பேசினாரு’ன்னு சொல்லுவாரு, ரெண்டு பேரும் அவங்கவங்க எங்க நிக்கிறாங்கன்னு அந்த ஒரு சொல்லுலயே காட்டிக் குடுத்துடுவாங்க.

அலட்சியம் வேற. அது கண்டுக்காம விடுறது, கவனமில்லாம இருக்கிறது, ஆளு வேணும்னுகூட அவசியமில்ல, வண்டியை அலட்சியமா ஓட்டினான்னு கூட சொல்றோம். துச்சம்னு ஒண்ணு இருக்கு, அதைப் பாருங்க, ‘உயிரைத் துச்சமா நினைச்சு வெள்ளத்துல குதிச்சான்’னா அது பாராட்டு. ‘உயிரை இளக்காரமா நினைச்சு’ன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? சொல்ல வராது. இளக்காரத்துக்கு எதிர்ல ஒரு மனுஷன் வேணும், இல்லாட்டி அந்த மனுஷனோட ஊரு, வேலை, பேச்சு, சாப்பாடு மாதிரி அவனைச் சேர்ந்த ஏதாவது ஒண்ணு வேணும். ஏளனம் எழுத்துச் சொல், அதுல சிரிப்பும் இருக்கு, இகழ்ச்சியும் இருக்கு. மட்டம் தட்டுறதுன்னா அது நாலு பேர் முன்னாடி வேணும்னே பண்றது, கொத்தனார் மட்டப்பலகையை வச்சுத் துருத்திக்கிட்டு இருக்கிற கலவையைத் தட்டித் தட்டி உள்ள தள்ளுவாரு பாருங்க, அந்த மாதிரி கொஞ்சம் தலை நிமிர்ந்தவங்களைத்தான் மட்டம் தட்டுவாங்க. ஏற்கெனவே குனிஞ்சு நிக்கிறவங்களை மட்டம் தட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் வராது, அவங்களுக்கு இளக்காரமே போதும்னு நினைச்சிடுறாங்க.

கேள்வி: இலக்காரமா, இளக்காரமா? வாட்ஸ்அப்ல ரெண்டும் வருது.
– வாசகர், கொரட்டூர்

பதில்: இளக்காரம். இளகு, இளமை, இளநீர்க்கு வர்ற அதே ளகரம். ‘ல’ போட்டா தப்பு. ஏளனத்துக்கும் எள்ளலுக்கும் கூட இந்த ளகரம்தான், அலட்சியத்துக்கு மட்டும் ‘ல’.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இளக்காரம் என்பது பேச்சு வழக்குச் சொல்தானே? நம் பழைய இலக்கியத்தில் இந்த உணர்வைப் பற்றி இருப்பதை வாசகர்களுக்குச் சொன்னால் பயனாக இருக்கும்.
– வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: ஐயா, உங்களுக்குத் தெரியாதது எதையும் நான் புதுசா சொல்லிடப் போறதில்ல, மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு பகுதி இருக்கு, மனசுல வர்ற உணர்ச்சி உடம்புல எப்படித் தெரியுதுன்னு பேசுறது. அதுல எட்டு மெய்ப்பாடு சொல்றாரு, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. சிரிப்பு எதனால வரும்னு நாலு காரணம் சொல்றப்போ முதல் காரணமே எள்ளல்தான், ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’. அடுத்தவனை எள்ளித்தான் மனுஷன் முதல்ல சிரிக்கிறான்னு அப்பவே எழுதி வச்சாச்சு. அதைவிட எனக்குப் பெருசாப் படுறது இளிவரலுக்கு அவர் சொல்ற நாலு காரணம்: ‘மூப்பே பிணியே வருத்தம் மென்மை’. இளிவரல்னா இழிவாப் படுறது, தன்னைப் பத்தியோ அடுத்தவரைப் பத்தியோ. வயசானா இளப்பம், நோய் வந்தா இளப்பம், கஷ்டப்பட்டா இளப்பம், நாலாவதா மென்மை. மென்மைக்கு வறுமைன்னு உரை சொன்னவங்களும் உண்டு. மிருதுன்னாலும் சரி, ஏழ்மைன்னாலும் சரி, நம்ம இளக்காரம் அங்கேயே வந்து உக்காந்திருக்கு. இந்த நாலுல ஒண்ணுகூட அந்த ஆளு பண்ண தப்பு இல்லங்கிறதைக் கவனிக்கணும்.

புறநானூத்துல 72-ஆவது பாட்டு. பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், ரொம்பச் சின்ன வயசுல பட்டத்துக்கு வந்தவன், சேரனும் சோழனும் வேளிரும் சேர்ந்துக்கிட்டு ‘இவன் சின்னப் பையன்தானே’ன்னு படையெடுத்து வர்றாங்க. அவனே பாடுறான், ‘இளையன் இவன் என உளையக் கூறி’ன்னு. உளையன்னா மனசு நோக. அவங்க சொன்னது ‘இளையன்’ங்கிற ஒரு சாதாரண சொல், வயசைச் சொல்ற சொல், அதுல திட்டே கிடையாது. சொன்ன விதத்துல அது உளைய வைக்குது. அதுக்கு மேல அவன் போடுற சபதம் இருக்கே, இவங்களை ஜெயிக்கலைன்னா மாங்குடி மருதன் தலைமையில இருக்கிற புலவருங்க என் நாட்டைப் பாடாமலே போகட்டும்னு. ஒரு ராஜாவுக்கே அந்தச் சொல் அவ்ளோ வலிச்சிருக்குன்னா துணிக்கடைப் பொண்ணுக்கு வலிக்கிறதுல என்ன ஆச்சரியம்.

‘யாதும் ஊரே’ பாட்டை எல்லாருக்கும் முதல் வரியோட தெரியும், கடைசிவரைக்கும் போறவங்க கம்மி. கணியன் பூங்குன்றனார் அங்க ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ங்கிறாரு. பெரிய ஆளுன்னு வாயைப் பொளந்து பார்க்கவும் மாட்டோம், சின்னவங்கன்னு இகழ்றதை அதைவிடவும் செய்ய மாட்டோம். ரெண்டையும் ஒரே மூச்சுல ஏன் சொன்னாருன்னா, ஒருத்தரைப் பார்த்துக் கூழைக்கும்பிடு போடுறவங்கதான் இன்னொருத்தரை இளக்காரமா பார்ப்பாங்க, அது ரெண்டும் ஒரே புத்தியிலேர்ந்து வர்றதுன்னு எனக்குத் தோணுது. ஆபீஸ்ல பாருங்க, மேனேஜர் வந்தா எழுந்து நிக்கிற அதே ஆளுதான் ஹவுஸ்கீப்பிங் அக்காவைப் பேர் கூடச் சொல்லிக் கூப்பிடாதவரா இருப்பாரு.

வள்ளுவர் ‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும்’னு 667-ல சொன்னதை ஸ்கூல்ல எல்லாரும் மனப்பாடம் பண்ணியிருப்போம். 980-ஐயும் எடுத்துப் படிங்க, ‘அற்றம் மறைக்கும் பெருமை சிறுமைதான் குற்றமே கூறி விடும்’. அடுத்தவரோட குறையை மறைக்கிறது பெருமை, சிறுமைக்குக் குறையைச் சொல்ல மட்டும்தான் தெரியும்.

கேள்வி: நான் பொறந்து வளர்ந்தது காசிமேடு. இப்போ ஓஎம்ஆர்ல ஐடி கம்பெனியில வேலை. வாய் தவறி ‘இஸ்துக்கினு வா’, ‘வூட்டாண்ட’ன்னு வந்துட்டா டீம்ல எல்லாரும் சிரிக்கிறாங்க, ‘ஏரியா லாங்குவேஜ்’னு சொல்லி மறுபடி மறுபடி சொல்ல வைக்கிறாங்க. நல்ல தமிழ் பேசு, இது தமிழே இல்லன்னு ஒருத்தர் சொல்றாரு. இப்பெல்லாம் மீட்டிங்ல வாயே தொறக்கிறதில்ல. இது இளக்காரமா, இல்ல நான்தான் ஓவரா எடுத்துக்கிறேனா?
– வாசகர், காசிமேடு

பதில்: ஓவரா எடுத்துக்கல தம்பி. உங்க கடிதத்தைப் படிச்சதும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

‘இது தமிழே இல்ல’ன்னு சொன்னவருக்கு முதல்ல பதில் சொல்லுவோம். வூட்டாண்டங்கிறதுல இருக்கிற ஆண்ட, அண்டை வீடுங்கிறோமே அந்த அண்டையோட சொந்தம். கிட்டங்கிற அதே அர்த்தம். குந்துன்னு சொல்றீங்க, அது அகராதியில இருக்கிற தமிழ்ச் சொல். இழுத்துக்கொண்டுங்கிறது வேகமா பேசிப் பேசி இஸ்துக்கினுன்னு ஆயிடுச்சு, இட்டுக்கொண்டு இட்டுக்கினுன்னு ஆச்சு. அவர் சொல்ற ‘பண்ணிண்டு’ம் ‘பண்ணிக்கிட்டு’ம் கூட அதே ‘கொண்டு’ தேய்ஞ்சு வந்ததுதான். ஒருத்தர் வாயில தேய்ஞ்சா அது நாகரிகம், இன்னொருத்தர் வாயில தேய்ஞ்சா அது கொச்சைன்னு யாரு தீர்ப்பு எழுதினாங்க?

அடுத்து, வேத்து மொழி கலந்திருக்குன்னு சொல்லுவாங்க. கலந்துதான் இருக்கு. இது துறைமுகப்பட்டினம். நாஸ்தா, பேஜார், கலீஜ் எல்லாம் உருது வழியா வந்தது, துட்டு டச்சுக்காரங்க காசோட பேர்லேர்ந்து வந்ததுன்னு சொல்லுவாங்க, அவங்க இதோ இங்க பக்கத்துல பழவேற்காட்டுல கோட்டை கட்டி உக்காந்து வியாபாரம் பண்ணவங்க. சரி, அப்போ வக்கீல், ஜாமீன், வசூல், ரசீது? அதுவும் பாரசீகம் உருது வழியா வந்ததுதான், கோர்ட்டுலயும் ஆபீஸ்லயும் உக்காந்திருக்கிறதால யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கிறதில்ல. ஜன்னல், சாவி, அலமாரி மூணும் போர்ச்சுகீசு. அந்த டீம் லீடர் வீட்டு ஜன்னலுக்கு அவர் வெக்கப்படுறாரா? கஸ்மாலம்னு ஒரு வசவு இருக்கே, அது சம்ஸ்கிருதம், பகவத் கீதையில ரெண்டாவது அத்தியாயத்துல கிருஷ்ணர் அர்ஜுனனைப் பார்த்துக் கேக்கிற முதல் கேள்வியிலயே ‘கஷ்மலம்’ வருது. ஒரே சொல், ஒரு எடத்துல கைகூப்பிக் கேக்கிறாங்க, இன்னொரு எடத்துல மூக்கைச் சுளிக்கிறாங்க.

அதனால விஷயம் சொல்லைப் பத்தினது இல்ல, சொல்றது யாருங்கிறதைப் பத்தினது. மீன் பிடிக்கிறவங்க, மூட்டை தூக்குறவங்க, ரிக்‌ஷா மிதிச்சவங்க, ஹார்பர்ல வேலை பார்த்தவங்க பேசின பேச்சு இது. இந்த ஜனங்க மேல இருக்கிற இளக்காரம்தான் அவங்க பேச்சு மேல ஏறி உக்காந்திருக்கு. சினிமாவுலயும் எத்தனையோ வருஷமா இந்தப் பேச்சை ரவுடிக்கும் காமெடியனுக்கும்தான் குடுத்தாங்க, டாக்டரா வர்றவர் அப்படிப் பேசி நாம பார்த்ததில்ல, அதைப் பார்த்து வளர்ந்தவங்கதான் உங்க டீம்ல இருக்காங்க.

மீட்டிங்ல பேசுங்க. தயவுசெஞ்சு பேசுங்க. வேலைக்கு வேண்டிய பேச்சு உங்களுக்கு வருது, இல்லாட்டி அந்த வேலையே கிடைச்சிருக்காது. மறுபடி சொல்லுன்னு கேட்டா ‘ஏன் கேக்கிறீங்க?’ன்னு ஒரே ஒரு கேள்வி, சிரிக்காம, கோவப்படாம கேளுங்க. பெரும்பாலும் அவங்களால பதில் சொல்ல முடியாது, ஏன்னா உண்மையான பதிலைச் சொல்ல அவங்களுக்கே கூச்சமா இருக்கும்.

கேள்வி: என் தம்பிக்குச் சின்ன வயசுல போலியோ வந்ததுல ஒரு கால் சரியா வராது. நல்ல வேலையில இருக்கான். குடும்ப விசேஷம்னா எங்க சித்தப்பா ஒருத்தர் மண்டபத்துல எல்லார் முன்னாடியும் காலை வச்சே பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. கேட்டா ‘சும்மா தமாஷுக்குச் சொன்னேன், இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கிக்கிறியே’ன்னு என்னையே திருப்பிக் குத்தம் சொல்றாரு. அம்மா ‘பெரியவர், விட்டுடு’ங்கிறாங்க. இப்பெல்லாம் தம்பி விசேஷத்துக்கே வர்றதில்ல.
– வாசகி, ஆவடி

பதில்: ‘நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி’, இது 995-ஆவது குறள். விளையாட்டுக்குச் சொன்னாலும் இகழ்ச்சி வலிக்கத்தான் செய்யும்னு அர்த்தம். ‘சும்மா தமாஷுக்கு’ங்கிற சாக்கு அப்பவே இருந்திருக்கு, அதனாலதான் அதைக் குறிப்பா எடுத்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கு.

தமாஷுன்னா அதுல சம்பந்தப்பட்டவரும் சிரிக்கணும்மா. உங்க தம்பி சிரிக்கல, வர்றதையே நிறுத்திட்டாரு, அதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும். 2024 ஜூலையில உச்ச நீதிமன்றம் மாற்றுத்திறனாளிகளைச் சினிமாவுல காட்டுறது பத்தின ஒரு வழக்குல இந்த வித்தியாசத்தை நல்லா பிரிச்சுக் காட்டுச்சு. உடல் குறை இருக்கிறவங்களோட வாழ்க்கையைப் புரிய வைக்கிற நகைச்சுவை ஒரு வகை, அவங்களைக் கீழ தள்ளுற நகைச்சுவை இன்னொரு வகை, ரெண்டையும் ஒண்ணாப் பார்க்கக் கூடாதுன்னு சொன்னாங்க. சட்டமும் இருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 92-ஆவது பிரிவு, நாலு பேர் பார்க்கிற இடத்துல ஒரு மாற்றுத்திறனாளியை வேணும்னே அவமானப்படுத்தினா ஆறு மாசத்துலேர்ந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்னு சொல்லுது. சாதியை வச்சு அவமானப்படுத்துறதுக்கு 1989-லயே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தாச்சு. சித்தப்பா மேல கேஸ் போடுங்கன்னு நான் சொல்ல வரல, ஆனா அவர் தமாஷுன்னு நினைக்கிறதை இந்த நாட்டுச் சட்டம் என்னவா பார்க்குதுன்னு அவருக்குத் தெரியட்டும்.

இதை உங்க அம்மா மட்டும் படிச்சாப் போதும்னு நினைச்சு எழுதுறேன். அம்மா, பெரியவர்ங்கிறதுக்காக நீங்க விட்டுக் குடுத்தது உங்க நல்ல மனசு. அதுதான் முதல் கேள்விக்குப் பதில்ல சொன்னேனே, இளகுறது. ஆனா இங்க இளகினது நீங்க, அடி விழுறது உங்க பிள்ளைக்கு. அடுத்த விசேஷத்துக்கு முன்னாடியே அவர் வீட்டுக்குப் போய், ‘தம்பி, என் புள்ளையை அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, இல்லாட்டி நாங்க மண்டபத்துக்கு வர மாட்டோம்’னு நீங்க சொல்லணும். அக்கா சொல்றதைவிட அம்மா சொன்னா அதுக்குத் தனி எடை. குரலை உயர்த்தவே வேணாம். அப்படியும் அவர் திருந்தலைன்னா உங்க பிள்ளை அந்த விசேஷத்துக்கு வராததுக்கு ஊருக்குக் காரணம் தெரியட்டும், நீங்க மறைக்காதீங்க, இத்தனை நாள் நீங்க மறைச்சதாலதான் ‘அந்தப் பையன் யார்கூடவும் ஒட்ட மாட்டான்’னு அவன் மேல பேர் விழுந்திருக்கு.

கேள்வி: ஸ்கூல் கட்டுரையில இளக்காரம்னு எழுதலாமா? கொச்சைன்னு மிஸ் மார்க் குறைப்பாங்களோன்னு பயமா இருக்கு.
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, வியாசர்பாடி

பதில்: தாராளமா எழுதலாம் பாப்பா, கொச்சை கிடையாது. ‘இளக்காரமா பேசினான்’னு எழுதினாத்தான் பேச்சு வழக்கு, ‘இளக்காரமாகப் பேசினான்’னு முழுசா எழுது, நடுவுல அந்த ‘ப்’ வரணும், மறந்துடாத. செய்யுள் நடை மாதிரி வேணும்னா எள்ளல், இகழ்ச்சி, இளிவரல் மூணும் இருக்கு, ஆனா ஒரு பணக்காரப் பையன் ஏழைப் பையனோட டிஃபன் பாக்ஸைப் பார்த்த பார்வையைச் சொல்லணும்னா இளக்காரம்தான் சரியா உக்காரும், எள்ளல்னு போட்டா அவன் சிரிச்ச மாதிரி ஆயிடும். மிஸ் கேட்டா இதே காரணத்தைச் சொல்லு.